உப்பு கரையும்போது வெப்பம் எங்கே போகிறது?

திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் இரு கரைகளிலும் நெல், கரும்பு, உளுந்து என்று பயிர் மாறி மாறி நிற்கும். சம்பா நெல் பொதி கட்டும் பருவத்தில் காலையில் வரப்போரம் போனால் இலைவழி உரம் தெளிக்க ஆயத்தம் நடப்பதைப் பார்க்கலாம். ஒரு வாளியில் ஐந்து லிட்டர் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு கிலோ யூரியாவைக் கொட்டிக் குச்சியால் கலக்குகிறார்கள். குருணைகள் முதலில் அடியில் கிடந்து சரசரக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சிறுத்து மறைகின்றன. பூசியிருந்த வேப்பெண்ணெயின் வாடை மட்டும் மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் வாளியைத் தொட்டால் கை சில்லிடும். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், மழைக்காலத்து ஈரக்காற்றில் வாளியின் வெளிப்பக்கம் வேர்த்து நீர் வழியத் தொடங்கும்.

பனிக்கட்டி போடவில்லை, குளிர்பெட்டியில் வைக்கவில்லை. 28 டிகிரியில் இருந்த கிணற்றுத் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் 18 டிகிரிக்கு அருகில் வந்துவிடுகிறது. பத்து டிகிரிக்கு உரிய வெப்பம் எங்கே போயிற்று? எவ்வளவு போயிற்று? இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்கு முதலில் விடை காண்பதுதான் நல்லது. எவ்வளவு என்று தெரிந்தால், எங்கே என்பதற்கும் வழி பிறக்கும்.

ஒரே வெப்பம், மூன்று வெப்பநிலை

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்று பள்ளியில் படிக்கிறோம். படித்ததை நம்ப வைப்பதற்கு யூரியாவைப் போல எளிய சாட்சி கிடையாது.

ஒரு கிராம் யூரியா தண்ணீரில் கரையும்போது ஏறத்தாழ 250 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வாளியில் 1,000 கிராம் யூரியா இருந்தது. ஆகவே சுமார் 250 கிலோஜூல் வெப்பம் தண்ணீரிலிருந்து உறிஞ்சப்பட்டது. மொத்தம் ஆறு கிலோ எடையுள்ள கரைசல் அதைக் கொடுத்ததால் அதன் வெப்பநிலை பத்து டிகிரி அளவு இறங்கியது.

இப்போது தெளிப்பானுக்கு வருவோம். நெல்லுக்கு ஒரு சதவீத யூரியா, இரண்டு சதவீத டிஏபி, ஒரு சதவீத பொட்டாஷ் கலந்த கரைசலைத் தெளிக்கச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பத்து லிட்டர் தண்ணீரில் யூரியா மட்டும் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது உறிஞ்சுவது 25 கிலோஜூல். பத்து லிட்டர் தண்ணீர் அதைப் பகிர்ந்துகொள்ளும்போது வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் குறையும். கைக்குத் தெரியாது.

மூன்றாவதாக வயல். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஒரு ஏக்கர் நெல்வயலில் வீசுகிறோம். அது முழுதும் கரைய உறிஞ்சும் வெப்பம் 11,000 கிலோஜூலுக்கு மேல். 34 கிலோ பனிக்கட்டியை உருக்க இவ்வளவு வெப்பம் போதும். ஆனால் வயலில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே 200 டன். அந்த நீரின் வெப்பநிலை ஒரு டிகிரியில் சுமார் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான் இறங்கும். பயிருக்கும் தெரியாது, தண்ணீரில் நிற்பவருக்கும் தெரியாது.

வாளியில் போட்டாலும் வயலில் போட்டாலும் ஒரு கிராம் யூரியா உறிஞ்சும் வெப்பத்தில் பெரிய மாற்றம் இல்லை. மாறுவது அந்த வெப்பத்தைக் கொடுக்கும் நீரின் அளவு. வெப்பமானி வெப்பநிலையை மட்டும்தான் காட்டும். வெப்பத்தை நாம் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கலோரிமானி என்று பெயர் வைத்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படை இதுவே.

டம்ளரே கலோரிமானி

வெப்பத்தை அளக்க முறையான கருவி செய்தவர்கள் பிரான்சின் லவாய்சியரும் லாப்லாசும். 1782-83 குளிர்காலத்தில் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். உள்ளே வெளிப்படும் வெப்பம் பனியை உருக்கும். உருகி வடிந்த நீரை நிறுத்தால் வெப்பத்தின் அளவு கிடைத்துவிடும். நமக்குப் பனிக்கட்டிகூட வேண்டாம். ஒரு ஸ்டீல் டம்ளர், ஒரு வெப்பமானி, கிராம் கணக்கில் நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு, கொஞ்சம் பஞ்சு அல்லது தேங்காய் நார் போதும்.

மேல்நாட்டுப் பாடநூல்கள் இதற்குத் தெர்மாகோல் கோப்பையைச் சொல்லும். வெப்பம் எளிதில் கடக்காது என்பதாலும், கோப்பை தனக்கென்று வெப்பம் எடுத்துக்கொள்ளாது என்பதாலும் அது நல்ல தேர்வுதான். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை. தெர்மாகோல் கோப்பையும் அதில் அடக்கம். எனவே டம்ளரைப் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, சுற்றிலும் நாரைத் திணித்து, மேலே துளையிட்ட அட்டை மூடி போட்டுக்கொள்வோம். டம்ளர் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்தது.

டம்ளரின் எடை 100 கிராம் என்று கொள்வோம். அதில் 100 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். வெப்பமானியைச் செருகி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். நாலைந்து குறிப்புகள் ஒரே எண்ணைக் காட்டினால் தொடக்க வெப்பநிலை உறுதியாயிற்று. 10 கிராம் யூரியாவை ஒரே வீச்சில் கொட்டி, மூடி, கலக்குங்கள். வெப்பமானி இறங்கும், நிற்கும், பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். ஏறத் தொடங்கிய பின்னும் சில நிமிடம் குறித்துக்கொண்டே இருங்கள்.

அந்த ஏற்றம் முக்கியம். அறையின் வெப்பம் டம்ளருக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். யூரியா கரைந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்தக் கசிவு இருந்தது. ஆகவே நாம் பார்த்த மிகக் குறைந்த வெப்பநிலை உண்மையில் இருந்திருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதல். இதைச் சரிசெய்ய ஒரு வரைபடத்தாள் போதும். கிடையில் நேரம், செங்குத்தில் வெப்பநிலை. பின்பகுதியில் ஏறும் கோட்டை அளவுகோல் வைத்துப் பின்னோக்கி நீட்டி, யூரியா கொட்டிய நேரத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கசிவே இல்லாவிட்டால் கிடைத்திருக்கும் வெப்பநிலை அதுதான்.

தொடக்கம் 29 டிகிரி, நீட்டிய கோடு காட்டுவது 24 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம். கரைசல் 110 கிராம். அதன் தன்வெப்பத்தைத் தண்ணீரின் அளவாகவே எடுத்துக்கொண்டால், 110 × 4.18 × 5 = 2,299 ஜூல். ஸ்டீல் ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.5 ஜூல் எடுக்கும். டம்ளர் கொடுத்தது 100 × 0.5 × 5 = 250 ஜூல். இரண்டும் சேர்ந்து 2,549 ஜூல். 10 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 255 ஜூல். யூரியாவின் மோல் எடை 60 கிராம். ஆக ஒரு மோலுக்கு 15.3 கிலோஜூல். ஆய்வகங்களில் நுட்பமாக அளந்து நூல்களில் அச்சிட்டிருக்கும் மதிப்பும் 15 கிலோஜூலை ஒட்டியதே.

டம்ளரைக் கணக்கில் மறந்துவிட்டால் கிராமுக்கு 230 ஜூல்தான் வரும். பத்து சதவீதம் தவறு. வெப்பமானியில் அரை டிகிரி பிசகினாலும் பத்து சதவீதம் தவறு. யூரியா காற்றில் ஈரம் குடித்திருந்தால் 10 கிராம் என்று நிறுத்ததில் ஒரு பங்கு தண்ணீர். இத்தகைய ஒவ்வொரு தவறுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு அளவு உண்டு, ஒரு திருத்தம் உண்டு. கருவி எளியது என்பதற்காக அளவீடு மோசமாக வேண்டிய அவசியம் இல்லை.

இதே டம்ளரில் சமையல் உப்பைப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் உப்பு கரைந்தால் வெப்பநிலை ஒன்றரை டிகிரிகூட முழுதாக இறங்காது. ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட வெப்பமானியால் இதை நம்பி அளக்க முடியாது. டிகிரியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் வெப்பமானி வேண்டும். பொட்டாஷ் என்று நாம் சொல்லும் பொட்டாசியம் குளோரைடு, யூரியாவுக்குச் சற்றே குறைவாகக் குளிர்விக்கும். உப்புக்கும் பொட்டாஷுக்கும் ஏன் இத்தனை வேறுபாடு?

இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்

உப்புப் படிகத்துக்குள் சோடியம் அயனிக்கு நேர்மின்னூட்டம், குளோரைடு அயனிக்கு எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு மோல் உப்பை, அதாவது 58.5 கிராமை, தனித்தனி அயனிகளாகப் பிரித்தெடுக்க 787 கிலோஜூல் ஆற்றல் தேவை. இரண்டரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இதைவிடக் குறைவாகவே போதும். அவ்வளவு ஆற்றல் ஒரு கைப்பிடி உப்பைப் பிரிக்கவே வேண்டியிருக்கிறது.

அந்த ஆற்றலைக் கொடுப்பது யார்? தண்ணீர்தான். நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்னூட்டமும் உண்டு. சோடியத்தை ஆக்சிஜன் முனைகள் சூழ்ந்துகொள்கின்றன, குளோரைடை ஹைட்ரஜன் முனைகள் சூழ்ந்துகொள்கின்றன. இப்படிச் சூழும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. இதற்கு நீரேற்ற ஆற்றல் என்று பெயர். உப்புக்கு அது மோலுக்கு ஏறத்தாழ 783 கிலோஜூல்.

பிரிக்கத் தேவை 787, சூழும்போது கிடைப்பது 783. பற்றாக்குறை 4 கிலோஜூல். அந்த நாலு கிலோஜூலைத்தான் கரைசல் தன் சொந்த வெப்பத்திலிருந்து ஈடுசெய்கிறது, கொஞ்சம் குளிர்கிறது. நம் வெப்பமானி காட்டிய அந்தச் சிறிய இறக்கத்துக்குப் பின்னால் மோலுக்கு எழுநூற்றுச் சொச்சம் கிலோஜூல் வெளிவந்து அவ்வளவும் உள்ளே போயிருக்கிறது. பொட்டாஷில் அந்தப் பற்றாக்குறை மோலுக்கு 17 கிலோஜூல். ஆகவே குளிர்ச்சி கூடுதல்.

யூரியாவின் கதை சற்று வேறு. கிராமத்தில் எல்லா ரசாயன உரத்தையும் உப்பு என்றே சொல்வார்கள். வேதியியல் கணக்கில் யூரியா உப்பு இனத்தில் சேராது, அதில் அயனிகள் இல்லை. மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பை அவிழ்க்க ஆகும் செலவைவிடத் தண்ணீருடன் புதுப் பிணைப்பு கொள்வதில் கிடைக்கும் வரவு குறைவு. அதனால்தான் வாளி குளிர்கிறது.

வரவு கூடினால் எதிர்மாறாக நடக்கும். கால்சியம் குளோரைடில் கால்சியம் அயனிக்கு இரட்டை மின்னூட்டம். நீர் மூலக்கூறுகள் அதை மிகவும் இறுகச் சூழ்கின்றன. ஈரமற்ற கால்சியம் குளோரைடு ஒரு கிராம் கரைந்தால் 700 ஜூலுக்கு மேல் வெப்பம் வெளிப்படும். சோப்புத் தயாரிப்பில் பயன்படும் காஸ்டிக் சோடா கிராமுக்கு 1,100 ஜூல் வெளியிடும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான். மேலே ஊற்றிய சிறிதளவு நீர் அவ்வளவு வெப்பத்தையும் தாங்க முடியாமல் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

மயில்துத்தத்தில் ஒரு விதி

பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை தயாரிக்க விவசாயிகள் வாங்கும் நீலநிற மயில்துத்தம் ஒரு அருமையான பாடம் வைத்திருக்கிறது. நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் அதை வறுத்தால் நீர் வெளியேறி, வெள்ளைப் பொடி மிஞ்சும்.

நீலப் படிகம் 10 கிராமை 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். அதே அளவு தாமிரம் கொண்ட வெள்ளைப் பொடி 6.4 கிராமைக் கரைத்தால் ஆறு டிகிரி அளவு ஏறும். பொருள் ஒன்றே, முடிவில் கிடைக்கும் நீலக் கரைசலும் ஒன்றே. ஒன்று குளிர்விக்கிறது, மற்றது சூடாக்குகிறது. மோல் கணக்கில் நீலம் உறிஞ்சுவது சுமார் 12 கிலோஜூல், வெள்ளை வெளியிடுவது சுமார் 66 கிலோஜூல்.

இரண்டையும் கூட்டினால் 78. வெள்ளைப் பொடி ஐந்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு நீலப் படிகமாக மாறும்போது வெளிவரும் வெப்பம் அதுதான். அந்த மாற்றத்தை டம்ளருக்குள் நேரடியாக அளப்பது கடினம். கொஞ்சம் நீர் கூடினால் கரையத் தொடங்கிவிடும், குறைந்தால் பாதிதான் மாறும். ஆனால் எளிதாக அளக்கக்கூடிய இரண்டு வெப்பங்களிலிருந்து அளக்க முடியாத மூன்றாவதைக் கணக்கிட்டுவிட்டோம். எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே என்ற இந்த விதியை 1840இல் வெளியிட்டவர் ஜெர்மெயின் ஹென்றி ஹெஸ். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றியவர்.

குளிர்ந்த கரைசல் திருத்திய கொள்கை

ஹெஸ்ஸுக்குப் பின் டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சனும் பிரான்சின் மார்செலின் பெர்த்தலோவும் ஆயிரக்கணக்கான வினைகளின் வெப்பத்தை அளந்து குவித்தார்கள். வெப்பம் விடு வினை, வெப்பம் கொள் வினை என்று நாம் இன்று பிரிக்கும் பிரிவுக்குப் பெயர் கொடுத்தவர் பெர்த்தலோ. வெப்பம் எங்கே அதிகம் வெளிப்படுகிறதோ அந்தத் திசையில்தான் வேதிமாற்றம் தானாக நடக்கும் என்பது இருவரின் நம்பிக்கை. கல் கீழே உருள்வதைப் பார்த்துப் பழகிய அறிவுக்கு இது நியாயமாகவே படும்.

ஆனால் யூரியா கரைகிறது. பொட்டாஷ் கரைகிறது, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கரைகிறது. யாரும் வெப்பம் கொடுக்காமல், சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைத் தாமே இழுத்துக்கொண்டு தானாகக் கரைகின்றன. இந்த எளிய நிகழ்வுக்கு அந்தக் கொள்கையில் நேரான விளக்கம் இல்லை.

விடை வேறிடத்தில் இருந்தது. தேர் நிலைக்கு வந்த பிறகு மாடவீதியில் நெருக்கி நின்ற கூட்டத்தை யாரும் விரட்ட வேண்டியதில்லை. போக வழிகள் பல இருப்பதால் அது தானாகக் கலைகிறது. படிகத்துக்குள் மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு ஒழுங்கு, கரைசலில் அவை இருக்கக்கூடிய இடங்களும் நிலைகளும் எண்ணிலடங்காதவை. இப்படிப் பரவும் வாய்ப்பின் அளவை என்ட்ரோபி என்கிறோம். வெப்பத்தையும் என்ட்ரோபியையும் சேர்த்து எடைபோட்டால்தான் ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்று சொல்ல முடியும் என்பதை அமெரிக்காவின் வில்லார்ட் கிப்ஸ் 1870களிலும், ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882இலும் நிறுவினார்கள். குளிர்ந்துகொண்டே கரையும் ஒவ்வொரு உப்பும் இதற்குச் சான்று.

அக்பரின் குடுவையும் சொட்டுநீர்க் குழாயும்

காரணம் தெரிவதற்கு முன்பே பயன் தெரிந்திருந்தது. அக்பரின் அவையில் இருந்த அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி, வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்விக்கும் முறையைச் சொல்கிறது. இரண்டரை சேர் வெடியுப்பை ஐந்து சேர் தண்ணீரில் கலந்து, அதற்குள் வாய் மூடிய உலோகக் குடுவையைக் கால் மணி நேரம் சுழற்றினால் குடுவையின் நீர் குளிர்ந்துவிடும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கிராமுக்கு ஏறத்தாழ 340 ஜூல் உறிஞ்சும், யூரியாவைவிடத் திறமையானது. 1724இல் பாரன்ஹீட் தன் வெப்பமானிக்குச் சுழியம் குறித்ததும் பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றும் கலந்த குளிர்கலவையில்தான்.

அதே வெடியுப்பு இன்று 13-0-45 என்ற பெயரில் உரக்கடையில் கிடைக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட கரும்பு, காய்கறி வயல்களில் குழாய் வழியாகவே கொடுக்கிறார்கள். இங்கே கரைதல் வெப்பம் நேரடியாகக் காசு சம்பந்தப்பட்டதாகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 316 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைக்கும். சுழியம் டிகிரியில் 130 கிராம்தான். உரம் கரையக் கரையத் தொட்டி குளிர்கிறது, குளிரக் குளிரக் கரைதிறன் குறைகிறது. கொஞ்சத் தண்ணீரில் நிறைய உரத்தைக் கொட்டினால் மிச்சம் அடியில் தங்கும், அல்லது இரவில் படிகமாகி வடிகட்டியையும் சொட்டுவானையும் அடைக்கும். தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீரை முதலில் நிரப்பி, உரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, விடாமல் கலக்க வேண்டும். வெயிலில் வைத்த தண்ணீர் இன்னும் நல்லது.

சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். அது கரையும்போது வெப்பம் வெளிப்படுவதால், சூடாக்கினால் கரைதிறன் குறையும். தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொதிக்க வைத்தால் கலங்கிவிடும். கரைதல் வெப்பத்தின் திசை தெரிந்தால், ஒரு பொருளை வெந்நீரில் கரைப்பதா குளிர்ந்த நீரில் கரைப்பதா என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பதினோராம் வகுப்பில் இந்த வெப்ப மாற்றம் என்தால்பி என்ற பெயரில் சூத்திரமாகவும் மனப்பாடமாகவும் வருகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும், கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியிலும்கூட, அது அளவீடாக வர முடியும். உரத்துக்கும் டம்ளருக்கும் எங்கும் பஞ்சமில்லை. வேதியியல் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: பாடத்தைத் தொடங்குமுன் மாணவர்களிடம் பத்து கிராம் யூரியாவைக் கொடுங்கள். கிடைத்த விடை நூலில் உள்ள 15 கிலோஜூலுக்கு ஒத்துவராவிட்டால் அதை அழித்துத் திருத்த விடாதீர்கள். வித்தியாசம் எங்கிருந்து வந்தது, டம்ளரிலா, கசிவிலா, ஈரத்திலா என்று தேடச் சொல்லுங்கள். அந்தத் தேடலில்தான் அவர்கள் வெப்ப இயக்கவியலைக் கற்றுக்கொள்வார்கள்.